தேதியை முதலில் காற்றிடம் கேளுங்கள்

குரோஷியா நாட்டின் கடற்கரையில் ஒரு வாரம் பாய்மரப் படகில் தீவு தீவாகச் சுற்றுவது இன்று உலகெங்கும் பல இளைஞர்களின் கனவு. ஸ்பிளிட் துறைமுகத்தில் ஒரு சனிக்கிழமை படகு ஏறுவார்கள். பிராச், ஹ்வார், விஸ் எனத் தீவுகளைத் தொட்டுவிட்டு அடுத்த சனிக்கிழமை திரும்புவார்கள். அந்தக் காணொளிகளைப் பார்த்த எங்கள் பல்கலைக்கழக நண்பர்கள் ஆறு பேர், நாமும் போகலாமே என்று பேசத் தொடங்கினோம். விமானக் கட்டணத்தைப் பார்த்ததும் பேச்சு அடங்கிவிட்டது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் அடங்கவில்லை. அந்தக் கடலில் அப்படி என்ன இருக்கிறது? அது நம் நாட்டில் இல்லையா?

தேடிப் பார்த்ததில் விடை எளிமையாகவே இருந்தது. குரோஷியாவுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளும் பாறைத் திட்டுகளும் உண்டு. அவற்றில் மக்கள் வாழ்பவை ஏறத்தாழ ஐம்பதுதான். தீவுகள் ஒன்றுக்கொன்று அருகில் இருப்பதால், காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் அடுத்த தீவில் நங்கூரம் போடலாம். வெளிக்கடலின் அலைகளைத் தீவுகளே மதில் போலத் தடுக்கின்றன. அழகு ஒருபுறம் இருக்கட்டும். குறுகிய தூரமும் ஒதுங்க இடமும்தான் அனுபவம் இல்லாதவர்களுக்கும் அந்தப் பயணத்தைச் சாத்தியமாக்குகின்றன.

அதே அளவுகோலை வைத்து நம் வரைபடத்தைப் பார்த்தோம்.

கிள்ளானிலிருந்தே பாய் விரிக்கலாமா?

கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது போர்ட் கிள்ளான்தான். அங்கிருந்து லங்காவி வரை பாய்மரப் படகில் போவது புதிய விஷயமல்ல. அரச சிலாங்கூர் படகு மன்றம் நடத்தும் ராஜா மூடா சிலாங்கூர் அனைத்துலகப் படகுப் போட்டி 1990-இல் தொடங்கியது. வழக்கமாக நவம்பரில் நடக்கும் அந்தப் போட்டியில் படகுகள் போர்ட் கிள்ளான் பகுதியிலிருந்து புறப்பட்டு, பங்கோர், பினாங்கு வழியாக ஏறத்தாழ ஒரு வாரத்தில் லங்காவியை அடைகின்றன.

எங்களுக்கு அது சரிப்படுமா என்று கணக்குப் போட்டோம். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல் சென்றால் அது ஒரு நாட் வேகம். நடுத்தரப் பாய்மரப் படகுக்கு 5 நாட் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 9 கிலோமீட்டர் சொச்சம்தான். அதாவது சைக்கிள் வேகம். போர்ட் கிள்ளானிலிருந்து பங்கோருக்கு நேர்க்கோட்டில் ஏறத்தாழ 85 கடல் மைல். 85-ஐ 5-ஆல் வகுத்தால் 17 மணி நேரம். இரவிலும் படகு ஓட வேண்டும். மலாக்கா நீரிணையோ உலகின் பரபரப்பான கப்பல் வழித்தடங்களில் ஒன்று. கரையோரம் மீனவர்களின் வலைகள் வேறு. அனுபவசாலிகளுக்கு இது சவால். எங்களுக்கு ஆபத்து.

எனவே கிள்ளானிலிருந்து கிளம்பும் யோசனையைக் கைவிட்டு, லங்காவிக்கு ரயிலிலும் ஃபெரியிலும் போய், அங்கே பாய் விரிப்பது என்று முடிவெடுத்தோம். லங்காவி ஒரே தீவல்ல. 99 தீவுகளின் கூட்டம். கடல் வற்றும்போது மேலும் சில திட்டுகள் தலைகாட்டும். தலைநகர் குவாவுக்கு அருகிலேயே தாயாங் புந்திங் தீவு, அதன் நடுவே நன்னீர் ஏரி. கொஞ்சம் தள்ளி சிங்கா பெசார், பெராஸ் பாசா தீவுகள். மேற்கே ரெபாக், தெலாகா துறைமுகங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சில மணி நேரம் போதும். யுனெஸ்கோ 2007-இல் உலகப் புவிப்பூங்காவாக அங்கீகரித்த இடமும் இதுவே. குரோஷியாவில் தேடியது நம் வடக்கிலேயே இருந்தது.

விடுமுறையைப் பார்க்கும் முன்

பொதுவாக நாம் விடுமுறைத் தேதியை முதலில் முடிவு செய்வோம், பிறகு இடத்தைத் தேடுவோம். பாய்மரப் படகுக்கு அது நேர்மாறு. முதலில் காற்று, பிறகு இடம், கடைசியில்தான் தேதி.

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும். தென்சீனக் கடலைக் கடந்து வரும் அந்தக் காற்று கிழக்குக் கரையில் பேரலைகளை எழுப்புகிறது. பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் பெரும்பாலான தங்குவிடுதிகள் அந்த மாதங்களில் மூடிக் கிடப்பது அதனால்தான். அதே காற்று லங்காவிக்கு நிலப்பரப்பைத் தாண்டி வருகிறது. மலைகள் மழையைத் தடுத்துவிடுகின்றன. அலை பெரிதாக எழும்ப கடல்வெளியும் குறைவு. ஆகவே டிசம்பர் முதல் மார்ச் வரை லங்காவியில் வறண்ட வானிலையும் ஓரளவு சீரான காற்றும் கிடைக்கின்றன. ஒரே காற்று ஒரு கரைக்குக் கதவைச் சாத்துகிறது, இன்னொரு கரைக்குத் திறந்துவிடுகிறது.

ஆண்டின் நடுவில் வீசும் தென்மேற்குப் பருவக்காற்றில் நிலைமை மாறும். விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீர்ப் புயல்மழை வரிசையாக வந்து மேற்குக் கரையைத் தாக்கும். அதற்குப் பெயரே ‘சுமத்ரா’. ஆகவே ஜூலையில் மலிவான படகு கிடைத்தாலும் எங்களைப் போன்ற புதியவர்கள் யோசிக்க வேண்டும். எங்கள் பருவ விடுமுறை பிப்ரவரியில் வருவது நல்வாய்ப்பாகிவிட்டது.

குரோஷியர்கள் குளிர்ந்த வடகிழக்குக் காற்றை பூரா என்றும், தென்கிழக்குக் காற்றை யூகோ என்றும், கோடை மதியத்தின் இதமான வடமேற்குக் காற்றை மாயெஸ்ட்ரால் என்றும் அழைக்கிறார்கள். நம் தமிழிலும் திசைக்கொரு காற்று உண்டு: கிழக்கே கொண்டல், மேற்கே கோடை, வடக்கே வாடை, தெற்கே தென்றல். பள்ளியில் படித்த இந்த நான்கு சொற்கள் பயணத் திட்டத்துக்கு உதவும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை.

கடல் ஏறும், இறங்கும்

குரோஷியாவைப் பற்றிய குறிப்புகளை அப்படியே இங்கே பயன்படுத்த முடியாது. அங்கே ஸ்பிளிட் பக்கம் கடல் ஏற்ற இறக்கம் அரை மீட்டருக்கும் குறைவு. இங்கே நிலைமை வேறு. ‘ஆயர் பாசாங்’ என்றால் என்னவென்று கிள்ளான்வாசிகளுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. போர்ட் கிள்ளானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் நான்கு மீட்டரையும் தொடும். லங்காவியில் அவ்வளவு இல்லாவிட்டாலும் இரண்டு மீட்டரைத் தாண்டும்.

இதை ஒரு கணக்காகப் பாருங்கள். நீருக்கு அடியில் 1.8 மீட்டர் ஆழம் வரை இறங்கியிருக்கும் படகை, கடல் ஏறியிருக்கும்போது 3.5 மீட்டர் ஆழத்தில் நிறுத்துகிறோம். இரவில் கடல் 2 மீட்டர் இறங்கினால் மிச்சம் 1.5 மீட்டர். படகு தரைதட்டிவிடும். எங்கே நிறுத்துவது என்று முடிவெடுப்பது படகோட்டிதான். ஆனாலும் அந்த முடிவு ஏன் என்று பயணிக்கும் புரிய வேண்டும். கடல் ஏற்ற இறக்க அட்டவணைகளை வெளியிடும் தேசிய நீர்நிலை அளவை மையம் நம் கிள்ளான் வட்டாரத்தில், புலாவ் இண்டாவில்தான் இருக்கிறது.

பணக் கணக்கு

ஏழு நாளும் படகிலேயே இருக்க மாணவர் பணம் தாங்குமா? படகோட்டியுடன் சேர்த்து நாள் வாடகை 2,400 வெள்ளி என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். ஆறு நாளுக்கு 14,400 வெள்ளி. ஆறு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 2,400. பி.டி.பி.டி.என். கடனில் படிப்பவர்களுக்கு இது கட்டுப்படியாகாது. மூன்று நாள் மட்டும் எடுத்தால் தலைக்கு 1,200. எட்டுப் பேராகச் சேர்ந்தால் 900. எரிபொருள், துறைமுகக் கட்டணம், முன்பணம் ஆகியவை வாடகையில் அடங்குமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். படகுக்குப் பயணிகளை ஏற்றும் உரிமமும் காப்புறுதியும் உண்டா, ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி உண்டா என்பவை அதற்கும் முந்திய கேள்விகள்.

அதனால் எங்கள் வாரம் இப்படி அமைந்தது. முதல் நாள், பிரிக்பீல்ட்ஸ் கே.எல். சென்ட்ரலில் இ.டி.எஸ். ரயில் ஏறி அலோர்ஸ்டார், அங்கிருந்து குவாலா கெடா ஃபெரி. வழியில் குருன் பக்கம் இடப்புறம் 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை தெரியும். பழங்காலக் கப்பல்களுக்குக் கரையைக் காட்டிய மலை அது. அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு. 1025-இல் இராஜேந்திர சோழனின் கடற்படை வந்த கடாரம் இந்தக் கெடாதான். இரண்டாம் நாள் கரையிலேயே: மளிகை, குடிநீர், மாச்சிஞ்சாங் மலை. மூன்று, நான்கு, ஐந்தாம் நாட்கள் படகில். ஆறாம் நாளை வெறுமையாக விட்டிருக்கிறோம். காற்று சரியில்லாவிட்டால் படகு நாட்களை ஒரு நாள் தள்ளிப்போட அது உதவும். ஏழாம் நாள் வீடு திரும்புகிறோம்.

குடிநீருக்கும் கணக்கு உண்டு. ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், படகோட்டியோடு ஏழு பேர், மூன்று நாள்: 84 லிட்டர். அதற்கு மேல் ஒரு நாளுக்கான உபரி. மருந்துப் பெட்டியில் வினிகரும் கட்டாயம். லங்காவி கடலில் கொடிய பெட்டி ஜெல்லிமீன்கள் உண்டு. கொட்டிய இடத்தில் வினிகரை ஊற்றி உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

அம்மா கேட்ட கேள்வி

எல்லாக் கணக்கும் முடிந்த பிறகு, கிள்ளான் தோழியின் அம்மா ஒரே வரியில் திட்டத்தை நிறுத்திவிட்டார். “நீச்சலே தெரியாத பிள்ளைங்க கடலுக்குப் போய் என்ன செய்யப் போறீங்க? முதல்ல நீச்சல் கத்துக்கிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்.”

யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. ஆறு பேரில் நான்கு பேருக்கு நீச்சல் தெரியாது. நான்கில் நானும் ஒருத்தி. நாம் கடல் வழியாக வந்த சமூகம். 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் இன்றைய போர்ட் கிள்ளானுக்கும் 1970-களின் தொடக்கம் வரை நம்மவர்களை ஏற்றி வந்தது. என் பாட்டியும் அதில் வந்தவர்தான். ஆனால் எங்கள் வீடுகளில் கடல் என்றால் போர்ட் டிக்சனில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுவிட்டு, டிபன் பாக்ஸைத் திறப்பதோடு சரி. கடலைப் பார்த்து அம்மாக்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு விவாதத்தால் பதில் சொல்ல முடியாது, நீந்திக் காட்டித்தான் சொல்ல முடியும்.

ஆகவே ஒரு விதி வைத்தோம். ஆறு பேரும் நிற்காமல் 50 மீட்டர் நீந்த வேண்டும். கால் எட்டாத ஆழத்தில் பத்து நிமிடம் மிதக்க வேண்டும். அதுவரை முன்பணம் கட்டுவதில்லை. நான்கு பேரும் வாரம் இருமுறை பொது நீச்சல் குளத்தில் பயிற்சி எடுக்கிறோம். இருவர் தேறிவிட்டார்கள். நான் மிதப்பதில் தேறிவிட்டேன். நீந்துவதில் இன்னும் 15 மீட்டர் பாக்கி. பிப்ரவரிக்குள் ஒருவர் தேறாவிட்டாலும் பாய்மரப் படகு கிடையாது, கரையில் மட்டும் லங்காவி என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

பெற்றோருக்காக ஒரு பக்கத் தாளும் தயார். படகின் பெயரும் பதிவு எண்ணும், படகோட்டியின் தொலைபேசி எண், ஒவ்வோர் இரவும் நங்கூரமிடும் இடம், தினமும் மாலை ஆறு மணிக்கு அழைப்பு, அவசர எண் 999, வானிலை ஆய்வுத் துறையான மெட்மலேசியா ‘வலுவான காற்று, கொந்தளிப்பான கடல்’ எச்சரிக்கை விடுத்தால் கிளம்ப மாட்டோம் என்ற உறுதி ஆகியவை அதில் இருக்கும். குறிப்பாகப் பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீடுகளில், கெஞ்சுவதைவிட இந்தத் தாள் அதிகம் பேசும்.

ஒருநாள் ஒத்திகை

மாணவ நண்பர்களே, படகு வாடகைக்குப் பணம் சேரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கொமுட்டர் ரயிலில் போர்ட் கிள்ளான் கடைசி நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே படகுத்துறை. அங்கிருந்து புலாவ் கெத்தாமுக்குப் படகு உண்டு. சதுப்புநிலத்தில் கால்கள் ஊன்றி நிற்கும் வீடுகள், கார்கள் இல்லாத தெருக்கள், சைக்கிள்கள். போகும் முன் அன்றைய கடல் ஏற்ற இறக்க நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று படகில் நின்று கவனியுங்கள். காலையில் வீடுகளின் கால்களில் தண்ணீர் எந்த உயரத்தில் இருந்தது, திரும்பும்போது எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். யாருக்குப் படகில் தலைசுற்றுகிறது என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும். எங்கள் குழுவில் ஒருவனுக்குத் தெரிந்தது. இப்போது அவன் பட்டியலில் மாத்திரையும் சேர்ந்துவிட்டது.