நடைவண்டியும் மருத்துவமும்

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாக வகுத்தனர். ஐந்தாம் மாதத்தில் கையூன்றித் தலைநிமிர்ந்து ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதத்தில் அமர்ந்து கைகொட்டுவது சப்பாணி. ஓராண்டு நிரம்பியபின் தளர்நடையிட்டு வருவது வருகை. இன்றைய மருத்துவமும் ஏறத்தாழ இதையே கூறுகின்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவுகளின்படி, மிகப் பெரும்பாலான குழந்தைகள் 9 மாத அளவில் துணையின்றி உட்காருகின்றன. 18 மாதத்திற்குள் தனித்து நடக்கின்றன.

சில குழந்தைகளுக்கு இப்பருவங்கள் தாமதமாகின்றன. குறைப்பிரசவம், மூளை முடக்குவாதம், தசைத்தளர்ச்சி எனக் காரணங்கள் பல. இவர்களுக்கு இயன்முறை மருத்துவம் வேண்டும். ஆனால், இரண்டு வயதுக் குழந்தையிடம், “இருபது முறை காலை நீட்டு” என்றால் கேட்குமா? பிடித்து இழுத்தால் அழும். அழ அழத் தசை இறுகும். கிலுகிலுப்பையைச் சற்றுத் தள்ளி ஆட்டினாலோ, அதை எட்டத் தானே புரளும், தவழும். பொம்மையை முக்காலியின்மேல் வைத்தால் எழுந்து நிற்க முயலும், விழும், மீண்டும் எழும். இவ்வாறு தானே விரும்பிப் பன்முறை செய்யும் அசைவையே மூளை நன்கு கற்றுக்கொள்கின்றது. ஆகவே, விளையாட்டு மருத்துவத்திற்கிடையே தரும் ஓய்வன்று. மருத்துவமே அவ்வழியாகத்தான் நடைபெறுகின்றது.

நம் வீடுகளில் இருந்த மூன்று சக்கர நடைவண்டியை எண்ணிப் பாருங்கள். குழந்தை தன் காலில் நின்று, தன் எடையைத் தாங்கி அதைத் தள்ளுகின்றது. உள்ளே உட்காரவைத்து உருளவிடும் வட்டவண்டி அத்தகையதன்று. அது நடையைக் கற்பிப்பதில்லை. விபத்துக்கும் இடந்தருவதால் கனடா நாடு 2004-இல் அதனைத் தடைசெய்தது.

இங்கே என் பிழையொன்றைச் சொல்லவேண்டும். புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரொன்றில் நான் ஆசிரியனாயிருந்தபோது, முதல் வகுப்புச் சிறுவன் ஒருவன் அடிக்கடி தடுக்கி விழுவான். விளையாட்டு வேளையில் அவனை மரத்தடியில் உட்காரவைத்தேன். அதை இரக்கமென்று எண்ணினேன். அவனுக்கு வேண்டிய மருந்தையே அவனிடமிருந்து பறித்தேன் என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் 1981-இல் இராமகிருஷ்ணன் அவர்கள் நிறுவிய அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள், வீடு தேடிச் சென்று பெற்றோருக்கே பயிற்சி முறைகளைக் கற்பிக்கின்றனர். 2013-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி அங்கன்வாடிகளிலும் குழந்தைகளைப் பரிசோதித்து, வேண்டியோரை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்புகின்றனர்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு குழந்தையின் நடை தாமதமானால், “போகப் போகச் சரியாகும்” என்று காத்திராமல் மருத்துவரிடம் காட்டும்படி பெரியோரிடம் கூறுங்கள். அதைவிட எளியது ஒன்று உண்டு: அக்குழந்தையையும் உங்கள் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.