பூட்டு இருந்தது, பூட்டத்தான் இல்லை!

ரெயில் நிலையத்துக்குள் வண்டியை அனுமதிக்கும் சிக்னலின் சாதாரண நிலை சிவப்பு. வண்டி வரலாம் என்று ஸ்டேஷன் மாஸ்டர் முடிவு செய்தால்தான் அது மாறும். அவர் மறந்துவிட்டால் வண்டி வெளியே நிற்கும், விபத்து நேராது.

கம்ப்யூட்டரிலும் இப்படி ஒரு சாதாரண நிலை உண்டு. கம்பெனிக்காரர்கள் வைத்துத் தரும் அந்த அமைப்புக்கு 'டீபால்ட்' என்று பெயர். நம் தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது 'கஸ்டம்'. பெரும்பாலோர் முதலாவதைத் தொடுவதே இல்லை. அதனால் வந்த வினை கொஞ்சநஞ்சம் அல்ல.

தூங்கிய காவலாளி

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2001-ம் ஆண்டு 'விண்டோஸ் எக்ஸ்பி'யை வெளியிட்டது. வெளியிலிருந்து வரும் வேண்டாத தொடர்புகளைத் தடுக்கும் 'பயர்வால்' அதிலேயே இருந்தது. ஆனால் அதை அணைத்து வைத்தே கொடுத்தார்கள். வேண்டியவர்கள் தேடிப்பிடித்து இயக்க வேண்டும். அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

2003 ஆகஸ்டில் 'பிளாஸ்டர்' என்ற கம்ப்யூட்டர் புழு கிளம்பியது. எந்தக் கடிதத்தையும் திறக்க வேண்டாம். இண்டர்நெட்டில் இணைந்திருந்தாலே போதும், உள்ளே புகுந்துவிடும். கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்பத் தாமாக அணைந்து இயங்கின. பயர்வாலை இயக்கி வைத்திருந்த கம்ப்யூட்டருக்குள் மட்டும் இண்டர்நெட் வழியே அதனால் நேராக நுழைய முடியவில்லை.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வந்த 'சர்வீஸ் பேக் 2'-ல் பயர்வால் தானாகவே இயங்கும்படி மாற்றப்பட்டது.

எல்லோருக்கும் ஒரே சாவி

2016-ல் வேறு விதமான ஆபத்து வந்தது. 'மிராய்' என்ற நிரல், காமிராக்களிலும் இண்டர்நெட் பெட்டிகளிலும் தொழிற்சாலையில் வைத்த சுமார் 60 பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. 'அட்மின்', '12345' போன்றவைதாம் அவை. மாற்றாமல் விட்ட கருவிகள் ஏராளமாகச் சிக்கின. அக்டோபர் 21-ந் தேதி அவற்றைக் கொண்டு நடத்திய தாக்குதலால், அமெரிக்காவில் டுவிட்டர், நெட்பிளிக்ஸ் முதலியவை மணிக்கணக்கில் தடைப்பட்டன. எளிதில் ஊகிக்கக்கூடிய இத்தகைய பொது பாஸ்வேர்டுகளுடன் கருவிகளை விற்பதற்குப் பிரிட்டன் 2024 ஏப்ரலில் தடை விதித்தது.

எதை மாற்றுவது?

இன்றைய விண்டோஸ் 11-ல் பயர்வாலும் வைரஸ் தடுப்பும் தாமாகவே இயங்குகின்றன. அவற்றை அப்படியே விடுவது நல்லது. திருட்டு நகல் சாப்ட்வேரைப் போடவோ, வேகம் கூடும் என்று எண்ணியோ சிலர் அணைக்கிறார்கள், பிறகு மறந்துவிடுகிறார்கள். 'இந்த போல்டரைச் சோதிக்காதே' என்று விலக்கு கொடுப்பதும் வேலியில் ஓட்டை போடுவதே.

மாற்ற வேண்டியது பாஸ்வேர்டை. நாலு பேர் சேர்ந்து தங்கும் அறையில் ஒரு வைபை பெட்டி இருக்கும். ஊருக்குப் பணம் போவதும் அதன் வழியாகத்தான். அதன் செட்டிங்குக்குள் நுழையும் பாஸ்வேர்டு இன்னும் 'அட்மின்'தானா என்று இன்றே பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலைதான்.