கொட்டும் மழையில் மோட்டார் சைக்கிள்: கண்ணுக்கு முதலிடம், சட்டைக்கு இரண்டாம் இடம்!

ஐப்பசி பிறந்துவிட்டால் போதும். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். ஆபீஸ் விடும் நேரம் பார்த்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்குக் குடை இருக்கிறது. காரில் போகிறவருக்குக் கண்ணாடியைத் துடைக்கும் கருவி இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு என்ன இருக்கிறது?

தாம்பரம் பக்கம் மழைக்கால மாலையில் தினமும் காணும் காட்சி இது. ஒருவர் வண்டி ஓட்டுகிறார். பின்னால் மனைவி. இருவருக்கும் நடுவில் பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தை. அவருடைய ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. எதிரே ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைத் தூக்குகிறார், மழைத்துளி ஊசியாகக் கண்ணில் குத்துகிறது. இறக்குகிறார், மீண்டும் ஒரே புகை மூட்டம். தூக்கினால் ஊசி, இறக்கினால் புகை! கையோ வண்டியின் பிடியில் ஒன்றும், கண்ணாடியில் ஒன்றுமாக இருக்கிறது.

மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு விநாடியில் 11 மீட்டர் கடந்துவிடும். அதாவது, ஒரு பஸ்ஸின் நீளம்! அந்த ஒரு விநாடி கண் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 44 பேர் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். மழையில் நனைந்தால் ஜலதோஷம் பிடிக்கலாம் என்று பயப்படுகிறோம். ஆனால், வழி தெரியாமல் ஓட்டுவதுதான் பெரிய ஆபத்து.

மழை முன்னாலிருந்து வருகிறது!

மழை மேலிருந்துதானே பெய்கிறது என்று கேட்கலாம். நிற்பவருக்கு அப்படித்தான். ஓட்டுகிறவருக்கு அப்படி அல்ல.

நடுத்தர அளவுள்ள மழைத்துளி விநாடிக்கு 6 அல்லது 7 மீட்டர் வேகத்தில் கீழே இறங்குகிறது. மணிக்கு 36 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறவர் விநாடிக்கு 10 மீட்டர் முன்னேறுகிறார். ஆகவே, துளி அவர் தலையில் விழுவதைவிட மார்பில் மோதுவதே அதிகம். வேகம் கூடக் கூட மழை படுக்கை வாட்டத்தில் வந்து அறைகிறது.

குடைக்காரருக்கு நனையாத இடங்களெல்லாம் மோட்டார் சைக்கிள்காரருக்கு நனைவதற்கு இதுதான் காரணம். கழுத்து வழியே தண்ணீர் உள்ளே இறங்கும். மார்பில் பட்ட நீர் வழிந்து மடியில் குளமாகத் தேங்கும். அங்கே ஒரு தையல் இருந்தால் தீர்ந்தது. ஊசி போன ஓட்டைகள் வழியே நீர் கசிந்து, கால்சட்டையைத் தொப்பலாக நனைத்துவிடும்.

மழைக்கோட்டின் கதை

ஸ்காட்லாந்துக்காரரான சார்லஸ் மாக்கின்டாஷ் என்பவர் 1823ஆம் ஆண்டில் ஒரு புதிய துணிக்குக் காப்புரிமை பெற்றார். ரப்பரை நாப்தா என்னும் திரவத்தில் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவில் பூசி ஒட்டினார். தண்ணீர் உள்ளே புகவில்லை. ஆனால், ஒரு தொல்லை. தண்ணீர் உள்ளே வராத துணியில் வேர்வை வெளியே போகவும் வழியில்லை!

இன்று கடையில் வாங்கும் பிளாஸ்டிக் மழைக்கோட்டிலும் அதே கதைதான். அரை மணி நேரம் ஓட்டிவிட்டுக் கழற்றினால் சட்டை ஈரமாக இருக்கும். கோட்டு ஒழுகுகிறது என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். பாவம், அது பெரும்பாலும் சொந்த வேர்வைதான்!

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ராபர்ட் கோர் என்பவர், டெஃப்லான் வகைப் பொருளைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். அது மிக நுண்ணிய துவாரங்கள் நிறைந்த ஏடாக நீண்டது. நீர்த்துளி நுழைய முடியாத அளவு சிறிய துவாரங்கள். வேர்வை ஆவி வெளியேறும் அளவு பெரிய துவாரங்கள். ‘கோர்-டெக்ஸ்’ துணி பிறந்த விதம் இதுதான். விலை அதிகம். நம் ஊர்ப் புழுக்கத்தில், வெளிக்காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால், அதன் பலனும் குளிர்தேசத்தில் கிடைக்கும் அளவுக்குக் கிடைக்காது.

நனையாமல் அணிவது எப்படி?

சாதாரணக் கோட்டையே சரியாக அணிந்தால் பாதி தொல்லை தீரும்.

மேற்கோட்டும் கால்சட்டையும் தனித்தனியாக இருப்பதே நல்லது. முன்பக்கத்துப் பல்வரிசைப் பூட்டை ஒரு துணி மடிப்பு மூடியிருக்க வேண்டும். தையல்களின் உட்புறத்தில் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும். மழைக் கால்சட்டை பூட்ஸுக்கு வெளியே தொங்கட்டும். உள்ளே செருகினால் பூட்ஸே வாளியாகிவிடும்! கையுறையின் விளிம்பு கோட்டுக் கைக்குள் அடங்கியிருக்கட்டும். கழுத்தில் சிறு துண்டு ஒன்றைச் சுற்றி, அதன் முனைகளைக் கோட்டுக்குள் செருகிவிடுங்கள்.

பின்னால் பறக்கும் தளர்ந்த போர்வைக் கோட்டு வேண்டவே வேண்டாம். சேலை சிக்காமலிருக்கப் பின்சக்கரத்துக்கு அருகே கம்பித் தடுப்பு வைத்திருப்பதை நினைத்துப் பாருங்கள். சேலைக்கு உள்ள அபாயம் கோட்டுக்கும் உண்டு.

முக்கியமான இன்னொன்று: தூறல் தொடங்கியவுடனே நிறுத்திக் கோட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். ‘இதோ வீடு வந்துவிட்டது’ என்று ஓட்டிக்கொண்டே போய், முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு?

நனைந்த உடலில் காற்று மோதினால் ஈரம் ஆவியாகி உடற்சூட்டை இழுத்துக்கொள்ளும். கூனூர், கோத்தகிரி போன்ற மலைப் பாதைகளில் விரல் மரத்துவிடும். மரத்த விரல் பிரேக்கைத் தாமதமாகத்தான் பிடிக்கும். ஆகவே, உடல் நனையாமல் இருப்பது சொகுசுக்காக மட்டும் அல்ல.

கண்ணாடியில் புகை ஏன்?

நாம் விடும் மூச்சு சூடானது, ஈரம் நிறைந்தது. மழையில் நனைந்த ஹெல்மெட் கண்ணாடியோ குளிர்ந்திருக்கிறது. சூடான ஆவி குளிர்ந்த பரப்பில் பட்டதும் கோடிக்கணக்கான சிறு துளிகளாகப் படிகிறது. ஒவ்வொரு துளியும் ஒளியைச் சிதற அடிக்கிறது. இரவில் எதிரே வரும் லாரியின் ஒரு விளக்கு நூறு விளக்காகத் தெரிவது இதனால்தான்.

இதற்குப் பரிகாரம் மூன்று உண்டு.

முதலாவது, காற்று. கண்ணாடியை ஒரு விரற்கடை அளவு திறந்து வையுங்கள். தாடைப் பக்கத்துத் துவாரம் இருந்தால் அதையும் திறந்து விடுங்கள். மூச்சு கீழ்நோக்கிப் போகும்படி மூக்கருகே தடுப்புள்ள ஹெல்மெட்டும் உண்டு.

இரண்டாவது, சோப்பு. பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவத்தில் ஒரே ஒரு சொட்டைக் கண்ணாடியின் உட்புறத்தில் தடவி, உலர்ந்த மெல்லிய துணியால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் துடைத்துவிட வேண்டும். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. ஈரம் துளித்துளியாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவிவிடும். படலத்தின் ஊடே வழி தெரியும். சில மணி நேரம் தாங்கும். அதிகமாகத் தடவினால் கண் எரியும், ஜாக்கிரதை!

மூன்றாவது, இரட்டைக் கண்ணாடி. ‘பின்லாக்’ என்ற பெயரில் கிடைக்கும் ஒரு மெல்லிய ஏட்டைக் கண்ணாடியின் உட்புறத்தில் பொருத்துகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் காற்று அடைபட்டு நிற்கிறது. வெளிக் குளிர்ச்சி உள் ஏட்டுக்கு வராததால் ஆவி படிவதில்லை.

வெளிப்புறத்தில் நிற்கும் துளிகளை என்ன செய்வது? இடக்கைக் கையுறையின் ஓரத்தால் ஒரே வீச்சில் வழித்துவிடலாம். திறந்த சாலையில் தலையைச் சற்றுப் பக்கவாட்டில் சாய்த்தால் காற்றே துளிகளைத் தள்ளிவிடும். கீறல் விழுந்த கண்ணாடியை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். பகலில் தெரியாத கீறல், மழை இரவில் ஒவ்வொரு விளக்கையும் நட்சத்திரமாக்கிவிடும். கறுப்புக் கண்ணாடியும் மழைக்கு உதவாது. பெட்ரோலால் துடைப்பதும் கூடாது, பிளாஸ்டிக் பாழாகும்.

குடை வேண்டாம்!

பின்னால் இருப்பவர் குடை பிடிப்பதைச் சில ஊர்களில் காணலாம். அன்புதான் காரணம். ஆனால், ஒரு மீட்டர் அகலக் குடையை முன்பக்கம் விரித்துக்கொண்டு மணிக்கு 36 கிலோ மீட்டர் வேகத்தில் போனால், காற்று அதைச் சுமார் 6 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். வேகம் இரு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு! குடையை விடாமல் பிடிக்கும் கை, அதோடு சேர்ந்து வண்டியிலிருந்தே விழுந்துவிடும்.

பிறர் கண்ணுக்கும் தெரிய வேண்டும்

நாம் பார்ப்பது பாதி. பிறர் நம்மைப் பார்ப்பது மீதிப் பாதி. 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய இரு சக்கர வண்டிகளில், எஞ்சின் ஓடும்போது முன்விளக்கு தானாகவே எரிகிறது. பழைய வண்டிக்காரர்கள் மழையில் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். பின்விளக்கில் அப்பிய சேற்றைத் துடைக்க வேண்டும். கறுப்புக் கோட்டைவிட மஞ்சள் கோட்டு மேல். ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டை முதுகில் இருந்தால் இன்னும் மேல்.

எப்போது நிறுத்த வேண்டும்?

மழை பிடித்த முதல் சில நிமிஷங்கள் பொல்லாதவை. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு குழைந்து வழுக்கும். வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, ரெயில் தண்டவாளம் எல்லாம் வழுக்கும். அவற்றின் மேல் சாய்வதோ, பிரேக் பிடிப்பதோ கூடாது. முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இடையே வழக்கத்தைப்போல் இரு மடங்கு இடைவெளி விடுங்கள்.

சாலையில் தண்ணீர் தேங்கி, ஆழம் தெரியவில்லை என்றால் இறங்காதீர்கள். அடியில் திறந்த குழி இருக்கலாம்.

2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டி மீட்டர் மழை கொட்டியது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டி மீட்டர்! அப்படிப்பட்ட மழைக்கு எந்தக் கோட்டும், எந்தக் கண்ணாடியும் ஈடாகாது. வண்டியை எடுக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

வழியில் மழை வலுத்தால் நிறுத்திவிடுங்கள். பாலத்தின் அடியில் நடுச்சாலையில் கூட்டமாக நிற்பது தப்பு. பின்னால் வருகிறவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். இடி மின்னலில் மரத்தடியும் கூடாது. கடையோ, பஸ் நிலையமோ, பெட்ரோல் பங்க்கோ பார்த்து ஒதுங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கோட்டை உதறி நிழலில் விரித்துப் போடுங்கள். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். நனைந்த பூட்ஸுக்குள் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்தால் ஈரத்தை உறிஞ்சிவிடும். படித்து முடித்த ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு அப்படியும் ஓர் உபயோகம் உண்டு!

தாம்பரத்தில் கண்ணாடியைத் தூக்குவதா, இறக்குவதா என்று தவித்த அந்தக் குடும்பத் தலைவருக்கு மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. வண்டியை ஓரங்கட்டி, ஒரு டீக்கடையில் பத்து நிமிஷம் ஒதுங்குவது. குழந்தைக்கு ஒரு பன்னும் பாலும் வாங்கிக் கொடுக்கலாம். வீட்டுக்குப் பத்து நிமிஷம் தாமதமாகப் போனாலும் மூவரும் போய்ச் சேருவார்கள் அல்லவா?