அட்டைக்குக் காசு கட்டலாமா? கொப்பியைப் பார்த்துச் சொல்லுங்கள்



பிள்ளைகள் கடல் கடந்து வாழும் வீடுகள் இன்று நமது மலையகத்திலும் குறைவில்லை. அப்படியொரு உம்மா அண்மையில் என்னிடம் கேட்ட கேள்வி இது: "மகள் கனடாவில் இருக்கிறாள். அங்கே ஒரு பெரிய கடையாம். உள்ளே போவதற்கே வருடத்துக்கு 65 டொலர் கட்ட வேண்டுமாம். சாமான் வாங்கக் காசு, வாசலுக்கும் காசா? இது இலாபமா? முதலில், இது கூடுமா?"

இரண்டு கேள்விகளுமே நியாயமானவை. இலாபத்தை முதலில் பார்ப்போம். ஏனென்றால் இலாபமே இல்லையென்றால் மற்றக் கேள்விக்குத் தேவை இராது.

அந்தக் கடையின் பெயர் கொஸ்ட்கோ. 1983இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொடங்கியது. அங்கத்தவர் அட்டை இல்லாதவருக்கு அங்கே வியாபாரம் இல்லை. 2024 செப்டெம்பரிலிருந்து அமெரிக்காவிலும் கனடாவிலும் சாதாரண அட்டைக்கு வருடம் 65 டொலர், உயர்ந்த அட்டைக்கு 130 டொலர் என்று ஆக்கியிருக்கிறார்கள். சாதாரண சுப்பர் மார்க்கெட்டில் முப்பதாயிரம் வகைச் சாமான் இருக்குமென்றால், இங்கே ஏறத்தாழ நாலாயிரம் வகைதான். எல்லாம் பெரிய பெரிய பொதிகள். சாமானின் மேல் வைக்கும் இலாபத்தைக் குறைத்துக்கொண்டு, அட்டைக் காசில் பிழைக்கும் வியாபாரம் இது. 2024ஆம் நிதியாண்டில் அட்டைக் கட்டணமாக மட்டும் 480 கோடி டொலருக்கு மேல் அந்த நிறுவனத்துக்கு வந்தது. அவ்வருடத்து நிகர இலாபமோ ஏறத்தாழ 737 கோடி டொலர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அட்டைதான் அவர்களுடைய முதல் சரக்கு என்பது விளங்கும்.

இனி மகளின் கணக்கு. 65 டொலர் என்பது மாதத்துக்கு ஐந்தரை டொலர் அளவில் வரும். அவள் எப்படியும் வாங்கப்போகும் அரிசி, எண்ணெய், பால், குழந்தையின் பம்பர்ஸ் ஆகியவற்றில் மாதம் ஐந்தரை டொலருக்கு மேல் மிஞ்சினால் அட்டை தன் விலையைக் கொடுத்துவிட்டது. "எப்படியும் வாங்கப்போகும்" என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். மூன்று டொலர் குறைவு என்பதற்காக வீட்டுக்குத் தேவையில்லாத முப்பது டொலர்ச் சாமானை வண்டியில் ஏற்றினால், அது மூன்று டொலர் மிச்சமல்ல, முப்பது டொலர்ச் செலவு. காசு கட்டிவிட்டோமே, அதை எடுத்துவிட வேண்டுமே என்ற எண்ணம் மனிதனை இழுத்துக்கொண்டு போகும். ஹலால் இறைச்சியைத் தனிக் கடையில் வாங்கும் குடும்பமானால் அந்தச் செலவையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வீட்டுச் செலவில் பெரும் பங்கு அதுவாகத்தானே இருக்கும்!

உயர்ந்த அட்டை வாங்கச் சொல்லிக் கடைக்காரர் ஆசை காட்டுவார். அந்த அட்டைக்கு, வாங்கிய தொகையில் நூற்றுக்கு 2 வீதம் திரும்பக் கிடைக்கும். மேலதிகமாகக் கட்டும் 65 டொலரை 2 வீதத்தால் மீட்க வேண்டுமானால், வருடத்துக்கு 3,250 டொலருக்கு அந்த ஒரே கடையில் வாங்க வேண்டும். மாதம் 270 டொலர். புருஷனும் பெண்சாதியும் ஒரு கைக்குழந்தையும் உள்ள வீட்டில் அது நடக்குமா என்பதை மகள்தான் சொல்ல வேண்டும். மூன்று மாதம் ஒரு கொப்பியில் எழுதிப் பார்க்கட்டும். பிறகு முடிவெடுக்கட்டும்.

இப்போது மார்க்கக் கேள்வி. காசு கொடுத்து வாங்கும் தள்ளுபடி அட்டைகள் பற்றி ராபித்தாவின் ஃபிக்ஹு மன்றம் 2006இல் மக்காவில் கூடி ஆராய்ந்தது. கட்டணம் வாங்கும் அட்டை கூடாது, கட்டணமில்லாத அட்டை கூடும் என்பது அதன் முடிவு. காரணம், கரர். அதாவது கொடுக்கும் காசு தெரியும். அதற்குப் பதிலாகக் கிடைக்கப்போவது பத்தா, நூறா, ஒன்றுமே இல்லையா என்பது தெரியாது. ஆனால் கொஸ்ட்கோ போன்ற கடைகளில் கட்டணம் தள்ளுபடிக்காக அல்ல, ஒரு வருட காலம் அந்த இடத்தையும் அதன் வசதிகளையும் பயன்படுத்தும் உரிமைக்காக என்று பிரித்துப் பார்த்து அனுமதிக்கும் ஆலிம்களும் இருக்கிறார்கள். திருப்தியில்லை என்று சொன்னால் கட்டணத்தை முழுமையாகத் திருப்பித் தரும் ஏற்பாடு அந்தக் கடையில் உண்டு. அதனால் கரர் வெகுவாகக் குறைகிறது என்பது என் எண்ணம். பேணுதலாக இருக்க விரும்புகிறவர் விட்டுவிடலாம். மகள் தன் ஊர் ஆலிமிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இதெல்லாம் கனடாக் கதை, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கொஸ்ட்கோ இலங்கையில் இல்லை. இங்குள்ள சுப்பர் மார்க்கெட்டுகள் புள்ளி சேர்க்கத் தரும் அட்டைகள் இலவசமானவை. அவற்றில் கரர் பிரச்சினை இல்லை. ஆனால் "மொத்தமாக வாங்கினால் மலிவு" என்ற அதே ஆசை நமது தோட்டங்களிலும் டவுனிலும் வேறு உருவத்தில் நடமாடுகிறது. நோன்புக்கு முன்னால் 25 கிலோ மூட்டை, பெருநாளைக்குப் பெரிய கேன் எண்ணெய் என்று அது வரும்.

மலையில் மூட்டைக்கு இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று, பாதை. ஒரு எடுத்துக்காட்டு பாருங்கள்: ஹட்டனில் மூட்டையாக வாங்கினால் கிலோவுக்கு 10 ரூபா குறைவு என்று வைத்துக்கொள்வோம். 25 கிலோவுக்கு 250 ரூபா மிச்சம். அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியாமல் தோட்டத்து லயம் வரைக்கும் ஆட்டோ பிடித்தால் அந்த 250 ரூபா எங்கே? இன்னொன்று, ஈரம். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. மழையும் பனியும் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். பால்மா கட்டியாகும், கோதுமை மாவில் பூஞ்சணம் பிடிக்கும், பருப்பில் வண்டு விழும். 25 கிலோவில் 2 கிலோ கெட்டால் நூற்றுக்கு 8 வீதம் போய்விட்டது. மூட்டை விலையில் உங்களுக்குக் கிடைத்த கழிவு 8 வீதமாகவே இருந்திருந்தால், சுமந்ததுதான் மிச்சம். தேங்காயெண்ணெய் மட்டும் இலேசில் கெடாது. 24 பாகைக்குக் கீழே உறைந்துபோகும், அவ்வளவுதான். ஆனால் பெரிய கேனில் உறைந்த எண்ணெயை விடியற்காலையில் சுடுநீரில் வைத்து உருக்கும் வேலை யாருக்கு என்பதை நான் சொல்லத் தேவையில்லை! யூஸுஃப் நபி (அலை) அவர்கள் தானியத்தைக் கதிரோடு சேமிக்கச் சொன்னதில் எவ்வளவு பெரிய அறிவு இருக்கிறது பாருங்கள்.

வீட்டுக்காகச் சேர்த்து வைப்பது பதுக்கல் ஆகுமா என்று 2022இல் பலர் கேட்டார்கள். அவ்வருடம் செப்டெம்பரில் கொழும்பின் உணவு விலைகள் முந்திய வருடத்தைவிட 94.9 வீதம் ஏறியிருந்தன, பயம் இயற்கைதான். நபி (ஸல்) அவர்கள் தமது குடும்பத்துக்கு ஒரு வருட உணவை எடுத்து வைத்ததாக ஹதீஸ் உண்டு. விலையேற்றி விற்பதற்காகச் சந்தையிலிருந்து மறைப்பதே பதுக்கல். ஆனாலும் பக்கத்து வீட்டுக்கு மாவில்லாத நாளில் நமது அறையில் நாலு மூட்டை இருப்பது மனத்துக்கு இலேசானதல்ல.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் கைக்காசு. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக உயர்ந்தது. அரிசி கிலோ 220 ரூபா என்று வைத்தால் ஒரு மூட்டை 5,500 ரூபா. அந்தச் சம்பளத்தில் அது முழுப்பேர் விழுந்த நாலு நாளுக்குச் சற்று மேற்பட்ட உழைப்பு. அதை ஒரே நாளில் எண்ணி வைக்க யாரால் முடியும்? ஆகவே அவள் கடைக் கொப்பியில் எழுதி, ஒரு கிலோ, அரைக் கிலோ என்று வாங்குகிறாள். மலிவு, காசுள்ளவன் வீட்டுக்கே போய்ச் சேருகிறது. மலைநாட்டு டவுன்களில் கடை வைத்திருப்பவர்களில் நம்மவர்கள் கணிசமானவர்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடனுக்கு விற்கும்போது விலையைக் கூட்டிச் சொல்லி, ஒரே விலையாகப் பேசி முடித்துக்கொள்வது கூடும். தவணை தப்பியதற்காகப் பிறகு ஏற்றினால் அது வட்டி. உங்கள் வீட்டுக் கடையில் எது நடக்கிறது என்று கணவரிடம் கேளுங்கள்.

1844இல் இங்கிலாந்தின் ரொச்டேல் ஊரில் 28 பேர், நெசவாளர்களும் வேறு தொழிலாளர்களும், தலைக்கு ஒரு பவுண் போட்டுக் கடை திறந்தார்கள். மா, வெண்ணெய், சீனி, ஓட்ஸ் மா, மெழுகுவர்த்தி: தொடக்கத்தில் இவ்வளவுதான் சரக்கு. கடன் கிடையாது, இலாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்குப் பங்கிட்டார்கள். நம் நாட்டுச் சங்கக் கடையின் பூட்டி அதுதான். கூப்பன் காலத்துச் சங்கக் கடையை நினைத்து மூக்கைச் சுளிக்கும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். வரிசையும் வண்டு அரிசியும் அவர்களுக்குத்தானே தெரியும்! ஆனால் கட்டிய காசு பங்காக உங்கள் பெயரில் நிற்பதும், வருடம் முடிந்ததும் கரைந்துபோகும் அட்டைக் கட்டணமும் ஒன்றல்ல. உங்கள் ஊர்ச் சங்கம் ஒழுங்காக நடக்கிறதா, கடைசியாக எப்போது இலாபம் பங்கிட்டது என்று கேட்டுவிட்டுப் பங்கு எடுக்கலாம்.

சங்கமும் வேண்டாமென்றால் நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரு மூட்டை வாங்குங்கள். சீட்டுப் பிடிக்கத் தெரிந்த நமது பெண்களுக்கு இது பெரிய வேலையா? ஆட்டோக் கூலி ஐந்தாகப் பிரியும். ஆளுக்கு 5 கிலோ. வண்டு விழுமுன் தீர்ந்துவிடும். எல்லோரிடமும் காசு சேர்த்துக்கொண்டு போகிறவர் அவர்களுடைய வகீல்; ஒரு ரூபாவும் இலாபம் வைக்கக் கூடாது. தன் நேரத்துக்குக் கூலி வேண்டுமென்றால் போவதற்கு முன்பே சொல்லட்டும். தன் சொந்தக் காசில் வாங்கி, மூட்டை கைக்கு வந்த பிறகு மற்றவருக்கு விற்பவர் இலாபம் வைக்கலாம். இந்த இரண்டையும் கலக்கும் இடத்தில்தான் மனக்கசப்பு வருகிறது. சுண்டினால் அளக்காதீர்கள், தராசில் நிறுங்கள். அளவில் குறைப்பவர்களைப் பற்றி அல்முதஃப்பிஃபீன் என்று ஓர் அத்தியாயமே குர்ஆனில் இருக்கிறது. சம்பாவைக் கொடுத்து அதைவிடக் கூடுதலான நாட்டரிசியை மாற்றிக்கொள்ளும் பழக்கமும் வேண்டாம். அரிசிக்கு அரிசி கூட்டிக் குறைத்து மாற்றுவது நமது ஷாஃபி மத்ஹபில் ரிபா. விற்றுக் காசாக்கி, அந்தக் காசுக்கு வாங்குங்கள்.

நிறுத்து முடிந்ததும் மூட்டையின் அடியில் கால் கிலோவோ அரைக் கிலோவோ கூடக் குறைய வரத்தான் செய்யும். கூடினால் யாருக்கு, குறைந்தால் யார் தாங்குவது என்பதை மூட்டையை அவிழ்ப்பதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். வெறும் சாக்கையும் சேர்த்துத்தான்.