மூளை ஜுரத்தின் கணக்கு

கொசுவென்றால் மலேரியாவுக்கும் டெங்குவுக்கும் அஞ்சுகிற நாம், ஜப்பான் மூளை ஜுரத்தை அவ்வளவாக நினைப்பதில்லை. 1924-ல் ஜப்பானில் 6,000 பேருக்கு மேல் பீடித்த இவ்வியாதி, நம் தேசத்து மனிதரிடம் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955-ல், நமது வேலூரிலேதான்!

நெல் வயல் நீரில் பிறக்கும் ஒருவகைக் கொசு, கொக்குகளிடமிருந்தும் பன்றிகளிடமிருந்தும் கிருமியை எடுத்து வந்து நமக்குக் கொடுக்கிறது. கிருமி புகுந்த சுமார் 250 பேரில் ஒருவருக்கே கடும் நோய் காண்கிறது; மற்றவர்கள் அறியாமலே தப்பிவிடுகிறார்கள். ஆகையால் ஒரு கிராமத்தில் ஒரே ஒரு குழந்தை இந்த ஜுரத்தால் நினைவிழந்தாலும், அங்கே கிருமி உலவுகிறது என்றே கொள்ள வேண்டும்.

கணக்கெடுப்பது எளிதன்று. ஜுரத்துடன் சித்தம் கலங்கியோ வலிப்புக் கண்டோ வரும் ஒவ்வொருவரையும் ஏட்டில் பதிந்து, பிறகு முதுகுத்தண்டு நீரையோ இரத்தத்தையோ சோதித்து, இன்ன நோய் என்று நிச்சயிக்க வேண்டும். இதை வீண் வேலை என்று எண்ணுவோர் கோரக்பூரைப் பார்க்கட்டும். 2005-ல் அப்பிரதேசத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர், பெரும்பாலும் குழந்தைகள். மறு வருஷமே தடுப்பூசி இயக்கம் தொடங்கிற்று. பின்னரும் மூளை ஜுரம் ஓயவில்லை. விடாமல் சோதித்ததில், பலருக்கு வந்தது உண்ணிக் காய்ச்சல் என்று தெரிந்தது! அதற்குக் கைகண்ட மருந்து உண்டு. ஜப்பான் மூளை ஜுரத்துக்கோ, வந்தபின் மருந்தே இல்லை.

மரணத்தை மாத்திரம் எண்ணினால் போதுமா? நோயுற்றவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை இறக்கிறார்கள். பிழைத்தவர்களிலும் நூற்றுக்கு 20, 30 பேராவது வாக்கோ, அறிவோ, கைகால் சுவாதீனமோ குன்றிவிடுகிறார்கள். அவர்கள் இழந்த ஆரோக்கிய வருஷங்களையும் சேர்த்தே இப்போது வியாதியின் சுமையைக் கணிக்கிறார்கள். அந்தப் பிள்ளையை விட்டு அகலாமல் இருக்கும் தாயின் வருஷங்கள் அக்கணக்கிலும் வருவதில்லை.