பழைய வரைகலை அட்டைகள் இரண்டு: விலையும் வேலையும்

காட்டாக்கடையிலும், நெய்யாற்றின்கரை தொடங்கிப் பாறசாலை வரையுள்ள எல்லைச் சிற்றூர்களிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் கணிப்பொறி இன்று வீட்டுப் பொருளாகிவிட்டது. பள்ளியில் படிக்கும் மகனோ மகளோ ஒரு நாள் வந்து, "அப்பா, இதற்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும்" என்று கேட்பதும் வழக்கமாகிவிட்டது. புதிய அட்டையின் விலையைக் கேட்ட தந்தையார் சற்று நேரம் பேசாதிருப்பார். பின்னர், "பழையது கிடைக்காதா?" என்பார். கிடைக்கும். அவ்வாறு தேடுவோர் காதில் முதலில் விழும் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு: என்விடியா நிறுவனத்தாரின் ஜி.டி.எக்ஸ். 1060, ஏ.எம்.டி. நிறுவனத்தாரின் ஆர்.எக்ஸ். 580. இவற்றுள் எது நம் பணத்துக்குத் தகுந்தது என்பதையே இங்கு ஆராயப் புகுகிறோம்.

1060 வெளிவந்தது 2016 ஜூலையில். 580 வந்தது 2017 ஏப்ரலில். 6 ஜி.பி. நினைவகம் கொண்ட முன்னதற்கு அமெரிக்காவில் அறிவித்த விலை 249 டாலர்; 8 ஜி.பி. கொண்ட பின்னதற்கு 229 டாலர். முன்னதில் 1280 கணிப்புக் கருக்களும் பின்னதில் 2304 கருக்களும் உள்ளன. இதைக் கண்டு 580 ஏறக்குறைய இருமடங்கு வேகமுடையது என்று கொள்ளுதல் கூடாது. ஓரூர் நாழியும் வேறூர் நாழியும் ஒன்றல்ல என்பது சந்தை அறிந்த நம் தாய்மார்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. இரு நிறுவனத்தாரும் கரு என்று எண்ணுவது ஒரே அளவையன்று.

உண்மையில், 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட சாதாரணத் திரையில் இவ்விரண்டும் தோளோடு தோள் நிற்பவை. டைரக்ட்எக்ஸ் 11 முறையில் எழுதிய பழைய விளையாட்டுகளில் 1060 சற்று முந்தும். டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் முறைகளில் 580 சற்று முந்தும். நினைவகம் மிகுதியாக வேண்டும் விளையாட்டுகளில் 580-இன் கூடுதல் 2 ஜி.பி. கைகொடுக்கும். ஒளிக்கதிர்த் தடமறிதலுக்கான தனி உறுப்பு இரண்டிலும் இல்லை. அதனைக் கட்டாயமாக்கி 2024 டிசம்பரில் வந்த 'இந்தியானா ஜோன்ஸ்' விளையாட்டுப் போன்றவற்றை எதிர்பார்த்து இவற்றுள் எதையும் வாங்க வேண்டா. வேகத்தைப் பொறுத்தவரை வழக்கு இவ்வளவில் முடிந்தது. எஞ்சிய வேறுபாடுகளே நம் இல்லங்களுக்கு முதன்மையானவை.

முதலாவது மின்சாரம். 1060-க்கு வகுத்த மின்னளவு 120 வாட்; 580-க்கு 185 வாட். வேறுபாடு 65 வாட். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் முழுப் பளுவில் ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 95 யூனிட் கூடும். யூனிட் ஒன்றுக்கு 7 ரூபாய் என வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 665 ரூபாய். ஈராண்டுக்கு 1,330 ரூபாய். ஆகவே ஈராண்டு உழைக்க வேண்டுமென்று வாங்குவோர், 580-இன் விலை 1060-இன் விலையைவிட அந்த அளவேனும் குறைந்திருந்தாலன்றி அதனை மலிவு என்று சொல்லலாகாது. மேலும் 1060-க்கு 400 வாட் மின்வழங்கி போதும் என்பது நிறுவனத்தார் கூற்று. 580-க்கோ 500 வாட் வேண்டும். கணிப்பொறியோடு வந்த எளிய மின்வழங்கியை மாற்ற நேர்ந்தால் அச்செலவும் இக்கணக்கிலேயே சேரும்.

இரண்டாவது, பிள்ளைகளின் படிப்பு. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளையே கைக்கொண்டிருப்பதை நாம் அறிவோம். 'கைட்' என்னும் அரசு நிறுவனம் உயர்நிலைப் பள்ளிகளில் 2018-இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களில் அசைபடம் செய்யவும் முப்பரிமாண உருவம் சமைக்கவும் கற்பிக்கிறார்கள். அங்கே 'பிளெண்டர்' என்னும் மென்பொருளைப் பழகிவரும் பிள்ளை, வீட்டிலும் அதனையே திறக்கும். இங்கேதான் இரண்டு அட்டைகளும் பிரிந்து நிற்கின்றன.

உருவத்தைச் சமைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது ஒரு வேலை; அதற்கு இரண்டும் போதும். சமைத்த உருவத்துக்கு ஒளியும் நிழலும் கணக்கிட்டு முடிந்த படமாக்குவது மற்றொரு வேலை. அதற்குப் பிளெண்டரில் உள்ள உறுப்பின் பெயர் 'சைக்கிள்ஸ்'. 2021 டிசம்பரில் வந்த பிளெண்டர் 3.0 பதிப்பில் அதனைப் புதுக்கி எழுதியபோது, 580 போன்ற அட்டைகள் நம்பியிருந்த ஓப்பன்சி.எல். வழியை நீக்கிவிட்டார்கள். அதற்கு ஈடாக ஏ.எம்.டி. அட்டைகளுக்குத் திறந்த புதிய வழியில் 580-க்கு இடமில்லை. ஆகவே அந்த அட்டை இருந்தும் சைக்கிள்ஸ் படக்கணக்கு முழுவதையும் கணிப்பொறியின் மையச் செயலியே சுமக்க நேரும். பிள்ளை இரவெல்லாம் காத்திருக்கும். 1060-க்கு இந்தத் தடை வரவில்லை. 'கூடா' என்னும் தன் வழியில் அது அந்தக் கணக்கைத் தானே செய்யும். திருமணப் படங்களைத் தொகுத்துப் பிழைக்கும் இளைஞர்களுக்கும் ஒரு சொல்: எச்.264 முறையில் நிகழ்படத்தைச் சுருக்குவதில் 1060-இன் தரமே மேல்.

ஆனால், பள்ளியில் உள்ளதைப் போலவே வீட்டிலும் லினக்ஸ் வைத்திருப்போர்க்கு 580 இனியது. அதற்குரிய இயக்கி மென்பொருள் லினக்ஸின் கருவுக்குள்ளேயே அமைந்திருப்பதால், அட்டையைச் செருகினால் போதும். 1060-க்கோ என்விடியாவின் இயக்கியைத் தனியே நிறுவ வேண்டும். அவ்வட்டைக்குக் கடைசியாக வாய்த்த இயக்கி வரிசையின் எண்ணும் 580 என்றிருப்பது வேடிக்கையான தற்செயல். கடையில் குழம்ப வேண்டா. விண்டோஸில் 1060-க்குப் புது விளையாட்டுகளுக்கான சீரமைப்பு 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது; பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். 580-க்கு 2023 முதலே இன்றியமையாத திருத்தங்கள் மட்டுந்தாம்.

எனவே பிளெண்டர் பழகும் பிள்ளை உள்ள வீட்டுக்கு 1060, அதுவும் 6 ஜி.பி. கொண்டது. விளையாட்டு மட்டுமே நோக்கமாக, மின்வழங்கியும் வலியதாக இருந்து, விலையும் நாம் சொன்ன அளவுக்குக் குறைந்தால் 580. இதுவே நம் கருத்து.

அதுவும் 6 ஜி.பி. என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 3 ஜி.பி. கொண்ட 1060 என்றும் ஓர் அட்டை உளது. அதில் குறைவது நினைவகம் மட்டுமன்று. கருக்களும் 1152 தாம். பெயரோ ஒன்றே! 580-இன் கதையும் இதுவே. 2018-இல் சீனச் சந்தைக்கென்று 2048 கருக்களோடு ஒன்றை அதே பெயரில் விட்டார்கள். உள்ளபடி பார்த்தால் அது 570-இன் கருக்கணக்கு. நாட்டுச் சர்க்கரையில் வெள்ளைச் சர்க்கரை கலப்பவனைச் சந்தையிலேயே பிடித்துவிடுகிறோம். நிறுவனத்தார் தாமே இப்படிப் பெயர் கலந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

இன்னொன்று. ஈத்தர் என்னும் இணைய நாணயத்தை 'அகழ்ந்து' பொருளீட்ட இவ்வகை அட்டைகளை, குறிப்பாக 8 ஜி.பி. கொண்ட 580-ஐ, அடுக்கடுக்காக வைத்து இரவு பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று அந்நாணயத்தின் முறையே மாறி அகழ்வு ஒழிந்தது. வேலையிழந்த அட்டைகள் பழம்பொருட் சந்தையில் வந்து குவிந்தன. அகழ்வில் உழைத்தது என்ற ஒன்றுக்காகவே அட்டையைத் தள்ள வேண்டியதில்லை. விசிறி தேய்ந்திருக்கும், வெப்பப் பசை காய்ந்திருக்கும், இவை சிறு செலவில் தீர்பவை. ஆனால் அட்டையின் உள்நிரலை அகழ்வுக்கென மாற்றி எழுதியிருந்தால், விளையாட்டின் நடுவே திரை இருண்டு நிற்கும்.

ஆகையால் அட்டையை ஓடும் கணிப்பொறியில் பொருத்திக் காட்டச் சொல்ல வேண்டும். 'ஜி.பி.யு.-சீ' என்னும் இலவசச் செயலியைத் திறந்தால் கருக்களின் எண்ணிக்கை முதற் பக்கத்திலேயே தெரியும்: 1280 அல்லது 2304. மிகப் பழைய சில்லுக்கு 1060 என்று பெயர் சூட்டிய போலியாயின், 2018 முதலான பதிப்புகள் பெயருக்கு முன்னே 'போலி' என்று ஆங்கிலத்தில் எழுதியே காட்டும். பின்னர் பளுச் சோதனை ஒன்றைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, திரையில் புள்ளிகளோ கோடுகளோ தோன்றுகின்றனவா, விசிறி உறுமுகிறதா என்று பார்த்தல் நன்று. கால் மணி நேரம் பொறுக்காத விற்பனையாளரிடம் வாங்காதிருத்தல் அதனினும் நன்று.

களியக்காவிளை தாண்டி நாகர்கோவிலில் வாங்கினால் மலிவு என்ற நம்பிக்கை நம்மவரிடையே இன்னும் உண்டு. அமரவிளையில் விற்பனை வரிச் சோதனை நடந்த நாளில் அதற்குப் பொருள் இருந்தது. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபின் இரு மாநிலத்திலும் வரி வீதம் ஒன்றே. பழைய அட்டைக்குக் கடைக்காரர் தம் கையால் எழுதித் தரும் ஒரு மாதப் பொறுப்புச் சீட்டுத்தான் நமக்குள்ள ஒரே காப்பு. அட்டை பழுதானால் அதனை எடுத்துக்கொண்டு எத்தனை முறை பேருந்து ஏற வேண்டியிருக்கும் என்பதையும் எண்ணி, திருவனந்தபுரமா நாகர்கோவிலா என்று முடிவு செய்க.