தாத்தா பேர் அருளப்பன், பேரன் பேர் இவான்... ரெண்டும் ஒண்ணுதான், எப்படி?

குழந்தை பிறந்து வீட்டுக்கு வருவதற்குள் பேர் பஞ்சாயத்து தொடங்கிவிடும். ‘தாத்தா அருளப்பன் பேரை விட்டுடக் கூடாது’ என்று பெரியவர்கள் ஒரு பக்கம். ‘சின்னதா, ஸ்டைலா இவான்னு வைக்கலாமே’ என்று போனும் கையுமாக அப்பா, அம்மா இன்னொரு பக்கம்.

கொஞ்சம் பொறுங்கள். இரண்டுமே ‘ஜான்’ என்ற ஒரே பேரின் வேறு வேறு வடிவங்கள்தான். இன்னொரு சுவாரஸ்யம், பைபிளில் இந்தப் பேரை வைக்கும்போதே ஒரு பஞ்சாயத்து நடந்திருக்கிறது.

என்ன நடந்தது?

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் வரும் கதை இது. சகரியா, எலிசபெத் இருவரும் வயதான தம்பதி. குழந்தை இல்லை. மகன் பிறப்பான், அவனுக்கு யோவான் என்று பேர் வை என்று வானதூதர் சொன்னதை சகரியா நம்பவில்லை. அதனால் அவருக்குப் பேச்சே நின்றுபோகிறது.

குழந்தை பிறந்த எட்டாம் நாள் கூடிய சொந்தபந்தம், அப்பா பேரையே வைக்கப் பார்க்கிறது. எலிசபெத் ஒத்துக்கொள்ளவில்லை. யோவான் என்றுதான் வைக்கணும் என்கிறார். உங்க சொந்தத்தில் யாருக்குமே அந்தப் பேர் இல்லையே என்று எதிர்ப்பு கிளம்புகிறது. கடைசியில் சகரியா ஒரு எழுதுபலகையைக் கேட்டு வாங்கி, அதே பேரை எழுதிக் காட்டுகிறார். அந்த நொடியே அவருக்குப் பேச்சு திரும்புகிறது.

அந்தக் குழந்தைதான், பின்னாளில் யோர்தான் ஆற்றில் இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவான்.

பேரின் அர்த்தம் என்ன?

எபிரேய மூலம் ‘யோஹனான்’. இதில் ‘யோ’ என்பது யாவே என்ற கடவுள் பெயரின் சுருக்கம். ‘ஹனான்’ என்றால் அருள்கூர்ந்தார். சேர்த்தால், ‘கடவுள் அருள்கூர்ந்தார்’. பிள்ளை இல்லாமல் காத்திருந்த வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்குமா? ‘ஹன்னா’, ‘அன்னா’ ஆகிய பெண் பேர்களும் இதே வேர்ச்சொல்லில் பிறந்தவை.

பலரும் குழப்பிக்கொள்ளும் ‘ஜோனத்தன்’ வேறு பேர். அதற்குப் பொருள், ‘கடவுள் தந்தார்’.

ஜான் எப்படி இவான் ஆனார்?

கிரேக்கம், லத்தீன் வழியாகப் போன பேர், போன இடமெல்லாம் அந்த ஊர் உச்சரிப்புக்கு மாறியது. ஸ்பெயினில் ஹுவான், இத்தாலியில் ஜொவான்னி, பிரான்ஸில் ழான், ரஷ்யாவில் இவான், அயர்லாந்தில் ஷான், ஜெர்மனியில் ஹான்ஸ். பெண் குழந்தைக்கு என்றால் ஜேன், ஜோன், ஜேனட். குர்ஆனில் இதே யோவான்தான் ‘யஹ்யா’.

மூலத்தில் முதல் எழுத்து ‘ய’ வரிசை. அந்த வகையில், ஆங்கில ‘ஜானை’விட நம்ம ஊர் ‘யோவான்’ மூலத்துக்கு நெருக்கம்.

அருளப்பர் எங்கிருந்து வந்தார்?

மற்ற மொழிகள் ஒலியை எடுத்துக்கொண்டன. தமிழ்க் கத்தோலிக்கர்கள் அர்த்தத்தையே எடுத்து ‘அருளப்பர்’ ஆக்கினார்கள். பழைய கத்தோலிக்க பைபிளில் யோவான் நற்செய்தி, ‘அருளப்பர்’ நற்செய்திதான். ராமநாதபுரம் சீமையின் ஓரியூரில் 1693-ல் கொல்லப்பட்ட போர்ச்சுகீசியத் துறவி ஜான் டி பிரிட்டோவை மக்கள் இன்றும் ‘அருளானந்தர்’ என்றே அழைக்கிறார்கள். அதிலும் ஜானின் ‘அருள்’ இருக்கிறது.

ஆக, பேரனுக்கு இவான் என்று வைத்தாலும் தாத்தா பேர் விட்டுப்போகாது. பஞ்சாயத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள்!